எதிரி நாலு மீட்டர் பின்னால்

இதனால் சகலருக்கும், குறிப்பாக இரண்டு சக்கரத்திலும் காற்று உள்ளவர்களுக்கு, அறிவிக்கப்படுவது: மனித குலம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாளுக்குப் பிறகு நிகழவிருந்த மிக முக்கியமான சம்பவமாகிய எங்கள் மிதிவண்டிக் கழகத்தின் இருநூறு கிலோமீட்டர் பெருவோட்டம், மழையை முன்னிட்டு, நூற்றுப் பதினோராவது கிலோமீட்டரில், பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில், தற்காலிகமாக ஒத்திவைக்கப்பட்டது.

அறிவித்தவர் எங்கள் தலைவர். ஈர அரைக்கால்சட்டையோடும் தலைக்கவசத்தோடும் ஒரு மனிதர் கம்பீரமாக நிற்க முடியாது என்பது உலகத்துக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. சைக்கிள் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். மிதிவண்டி.

நாங்கள் ஒன்பது பேர். மின்சாரம் போய்விட்டது. சுவரோரமாகச் சாய்த்த வண்டிகளின் கைப்பிடியில் எட்டுக் கருவிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. உள்ளங்கை அளவுப் பெட்டிகள். வழி காட்டும், வேகம் சொல்லும், மார்பில் கட்டிய பட்டையிலிருந்து இதயத் துடிப்பை வாங்கிக் காட்டும், ஓட்டியதை எல்லாம் இணையத்தில் ஏற்றி நாலு பேரைக் கைதட்ட வைக்கும். இது இல்லாமல் எங்களில் ஒருவர்கூடத் தெருமுனைக்குப் பால் வாங்கப் போவதில்லை. பதிவாகாத ஓட்டம் ஓட்டமே அல்ல. கழகத்தின் முதல் விதி அது. இரண்டாவது விதி என்ன என்று யாருக்கும் ஞாபகமில்லை.

"தலைவரே, யாராச்சும் ஒரு பேய்க் கதை சொல்லட்டுமே" என்றான் பஞ்சர். வண்டி எடுத்த நாளெல்லாம் டயர் வெடிப்பதால் அந்தப் பெயர். "உங்க உரையைவிட அதுல பயம் கம்மியா இருக்கும்."

கருவி இல்லாத ஒன்பதாவது வண்டி பல் டாக்டருடையது. காலையிலிருந்து வாயைத் திறக்காத மனிதர். பிறர் வாயைத் திறந்து திறந்து அலுத்துவிட்டதாக்கும் என்று நினைத்திருந்தோம்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார். "ஆனா கதை இல்ல. என் சகலைக்கு நடந்தது. என் பொண்டாட்டியோட தங்கச்சி வீட்டுக்காரர்."

அவர் சொன்னதைக் கொஞ்சம் இஸ்திரி மட்டும் போட்டு இங்கே தருகிறேன்.

*

தினமும் காலை நாலு பத்து. நீர்த்தேக்கத்தை ஒட்டிய சாலை. இடது பக்கம் தண்ணீர்... வலது பக்கம் முள்வேலி. முப்பத்தோரு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. சைக்கிளின் முன்விளக்கு விழும் பத்தடிதான் உலகம். அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் இருட்டு.

சகலை லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தாறு வயது. பகல் முழுக்க ஊரையே மேலே ஏற்றிவிடுவார். கழகப் பட்டியலில் மட்டும் அவரால் ஏற முடியவில்லை. அவர் இருந்த கழகத்திலும் ஒரு பட்டியல் இருந்தது, அந்த வருடத்தில் யார் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள் என்று. அதில் அவர் இருபத்தாறாவது. மொத்த உறுப்பினர் இருபத்தொன்பது பேர். பின்னால் இருந்த மூவரில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, ஒருவர் வெளிநாடு போய்விட்டார், இன்னொருவரிடம் சைக்கிளே கிடையாது.

தன்னுடைய பழைய கருவிதான் தன்னைக் கீழே இழுக்கிறது என்று சகலை முடிவு செய்தார். விளம்பரம் பார்த்து ஒரு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அம்மாள், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததைக் கையில் படாமல் நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரோடது தம்பி. போய்ட்டாரு, ரெண்டு மாசமாச்சு. உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டு வெச்சுக்குங்க. எனக்கு அழிக்கத் தெரியல."

"கண்டிப்பா அழிச்சிடறேன்க்கா."

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தார். அந்த வருடத்தில் மட்டும் நூற்று எண்பது பயணங்கள். பதினோராயிரம் கிலோமீட்டர்.

சகலை அழிக்கவில்லை. அத்தனையையும் தன் கணக்கில் ஏற்றிக் கலந்துவிட்டார்.

மறுநாள் காலை பட்டியலில் முதலிடம்.

"யாருக்கு என்ன நஷ்டம் சகலை?" என்று பல் டாக்டரிடம் கேட்டார். "செத்தவருக்குப் பட்டியல் எதுக்கு?"

கருவியில் அவர் மாற்றியது ஒன்றே ஒன்று. 'வீடு' என்ற இடத்தில் பழைய முகவரியை எடுத்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டார். அப்போதுதான் அது திரும்பி வரும் வழியைக் காட்டும்.

திருடியதற்குத் தகுதி வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஆகவே பயிற்சி. இந்தக் கருவிகளில் ஒரு வசதி உண்டு. பழைய பயணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதே வழியில் அதே வேகத்தில் ஓட்டிய ஆள் இப்போது நம்மோடு போட்டி போடுவதுபோலத் திரையில் காட்டும். நீங்கள் ஒரு கறுப்பு முக்கோணம். அவர் ஒரு சாம்பல் முக்கோணம். கீழே எழுத்து: எதிரி இத்தனை மீட்டர் முன்னால்.

சகலை தேர்ந்தெடுத்தது அந்த மனிதரின் கடைசிப் பயணத்தை. இருப்பதிலேயே வேகமானது. நீர்த்தேக்கச் சாலையில் ஏறி, முப்பத்தோராவது கிலோமீட்டரில், மதகுக்குப் பக்கத்தில் முடிகிறது. போனது இருக்கிறது... திரும்பி வந்தது இல்லை. விடியற்காலையில் அவ்வளவு தூரம் போன மனிதன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று சகலை ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அவர் பார்த்தது சராசரி வேகத்தை.

ஆறு வாரம் துரத்தினார். எதிரி 900 மீட்டர் முன்னால். எதிரி 400 மீட்டர் முன்னால். எதிரி 90...

ஒரு திங்கட்கிழமை. இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில் இரண்டு முக்கோணமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. சகலை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். திரை மாறியது.

எதிரி 4 மீட்டர் பின்னால்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிக்டிக்டிக்டிக்...

மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருளும்போது பின்சக்கரம் போடும் சத்தம். சகலை நிறுத்தவில்லை. உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தார். மிதிக்கிற வண்டி அந்தச் சத்தம் போடாது.

கூடவே ஒரு வாடை. குளத்துச் சேறும், சூடான பிரேக் ரப்பரும்.

மதகு வந்தது. கருவி வெற்றி மெட்டு வாசித்தது. சகலை ஒரு காலை ஊன்றி நின்றார். பின்னால் சத்தம் குறைந்தது. டிக்... டிக்...... டிக். நின்றுவிட்டது.

திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. வீடு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. திரும்பினார். யாரும் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் ஈரமாக ஒற்றைக் கோடு. தண்ணீர்ப் பக்கமிருந்து ஏறி வந்து, அவருடைய பின்சக்கரத்துக்கு நாலு மீட்டர் தள்ளி நின்றிருந்தது.

*

"இரு, இரு" என்றார் தலைவர். "பின்காற்று அடிச்சிருந்தா அந்த வேகம் செல்லாது."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தலைவரே" என்றான் பஞ்சர். அவன் குரல் அவ்வளவு நன்றாக இல்லை.

*

சகலைக்கு அன்றே காய்ச்சல். கருவியை அணைத்து அலமாரி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அந்த நிலையிலும் பயணத்தை இணையத்தில் ஏற்ற மறக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள்.

மறுநாள் படுக்கையில் கிடக்கிறார். ஏழு மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. 'உங்கள் காலைப் பயணம் பதிவேறிவிட்டது. 0.8 கிலோமீட்டர்.'

வரைபடத்தைத் திறந்தார். மதகில் தொடங்கி ஒரு சின்னக் கோடு. வீட்டுப் பக்கமாக.

இழுப்பறையைத் திறந்தார். கருவி அணைந்துதான் இருந்தது. திரையின் ஓரத்தில் கொஞ்சம் சேறு.

அதற்குள் பதிவுக்குக் கீழே நண்பர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். "இன்னிக்கு லைட்டா சார்? உடம்புக்கு ரெஸ்ட் குடுக்கறீங்களா?" "சின்ன தூரமானாலும் விடாம போறீங்க பாருங்க, அதான் சார் நீங்க!"

மறுநாள் 1.1. முந்தைய கோடு முடிந்த இடத்திலேயே தொடங்கியது. அதற்கு மறுநாள் 1.3. இதயத் துடிப்புக் கட்டம் மட்டும் எப்போதும் காலி. சகலை தம் கழகத் தலைவரிடம் போய், "நான் ஓட்டல சார், வீட்டுல படுத்திருக்கேன்" என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் தோளைத் தட்டினார்.

"பதிவுல இருக்கே! உங்க அடக்கத்துக்கு ஒரு அளவு வேணாமா? வர்ற மூணாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விழா. முதலிடக் கோப்பை உங்களுக்குத்தான். உடம்பைப் பாத்துக்குங்க."

விதி விதிதான். பதிவில் இருந்தால் ஓட்டியதுதான்.

சகலை அந்த அம்மாள் வீட்டுக்கு ஓடினார். கதவைக் கால்வாசிதான் திறந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"பதினாறு வருஷம் தம்பி. தினமும் விடியக்காலைல எழுந்து நான்தான் கதவைத் திறந்துவிடணும், திரும்பி வந்தா நான்தான் திறந்து விடணும். தூங்கிட்டேன்னா..." முழங்கையைத் தடவிக்கொண்டாள். "இங்க வர வேணாம்னுதானே தம்பி வித்தேன். பழைய முகவரியை மட்டும் மறுபடி போட்டுடாதீங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் போடவில்லை. அந்த ஒன்றை மட்டும் சகலையின் கணக்கில் நியாயமாக வரவு வைக்கலாம்.

மனைவி, அதாவது பல் டாக்டரின் மச்சினி, ஒரே பேச்சாகச் சொன்னாள். "எல்லாத்தையும் அழிச்சுத் தொலைங்க. இப்பவே."

அழிக்கலாம். ஆனால் கலந்தது கலந்ததுதான். அவருடையதை அழித்தால் இவருடையதும் போய்விடும். பட்டியலில் பூஜ்யம். இருபத்தொன்பதாவது இடம், சைக்கிளே இல்லாதவரோடு கூட்டாக.

சகலை ஒரு தாளில் கணக்குப் போட்டார். மதகிலிருந்து தன் வீட்டுக்கு முப்பத்து நாலு கிலோமீட்டர். ஒரு நாளைக்குச் சராசரி ஒன்று புள்ளி இரண்டு. வந்து சேர இருபத்தெட்டு நாள் ஆகும். முதல் கோடு வந்த நாளிலிருந்து எண்ணினால் விழா இருபதாம் நாள். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து அன்று ராத்திரியே அழித்துவிட்டால், எட்டு நாள் மிச்சம்.

"எட்டு நாள் இருக்குடி" என்றார்.

தான் ஆறு வாரம் தினமும் செய்ததை எதிராளியும் செய்யக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாவது வாரத்தில் 1.9 வந்தது. அப்புறம் 2.4. அப்புறம் 3.1. நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தது. கீழே ஒருவர், "உங்க பயிற்சி அட்டவணையை எங்களுக்கும் அனுப்புங்க சார்" என்று கேட்டிருந்தார்.

*

பல் டாக்டர் இந்த இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எங்களுக்குள் இடைவெளி எப்போது குறைந்தது என்று தெரியவில்லை. என் முட்டியின்மேல் யாருடைய முட்டியோ இருந்தது.

"பதினாறாம் நாள் எங்க வீட்டுக்கு வந்தார்" என்றார். "ஒரு ராத்திரி தங்கிக்கிறேன்னார். பையில அந்த டிவைஸும் இருந்தது. சரி, மனுஷன் பயந்திருக்கார்னு பாய் போட்டுக் குடுத்தேன். காலைல அன்னிக்கு வந்த கோட்டைப் பாத்தேன். பெரிய சாலை வரைக்கும் நேரா வந்து, அங்கேருந்து வளைஞ்சு... எங்க வீட்டுப் பக்கமா திரும்பியிருந்தது."



"டிவைஸை எடுத்துப் பாத்தேன். 'வீடு'ங்கற இடத்துல என் முகவரி. ராத்திரி நாங்க தூங்கினப்புறம் மாத்திப் போட்டிருக்கார்."

"அடப்பாவி" என்றான் பஞ்சர். "அப்புறம்?"

"உள்ள என் புள்ளைங்க ரெண்டும் தூங்குதுங்க." மீண்டும் தண்ணீர் குடித்தார். "என் கையால அவர் முகவரியை மறுபடி போட்டேன். போட்டுட்டு எழுப்பினேன். காப்பி வேணுமான்னு கேட்டேன். வேணாம்னார். என் மூஞ்சியப் பாத்தார், தெரிஞ்சுபோச்சு. கிளம்பிட்டார்."

மூலையிலிருந்து யாரோ மெதுவாகக் கேட்டார்கள். "ஏன் டாக்டர்... ஏதாச்சும் ஆள் இல்லாத இடமா, ஒரு பொட்டல் காடா பாத்துப் போட்டிருக்கலாமே?"

பல் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினார். இருட்டில் முகம் தெரியவில்லை.

"அப்ப தோணலப்பா" என்றார்.

*

பதினெட்டாம் நாள் கோடு பெட்ரோல் பங்க் தாண்டி முடிந்தது. பத்தொன்பதாம் நாள் அவருடைய தெருமுனையில், சலவைக்கடை வாசலில். வீட்டுக்கு இருநூற்று அறுபது மீட்டர்.

பல் டாக்டர் தொலைபேசியில் கெஞ்சினார். மச்சினியும் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். சகலையின் குரல் நிதானமாக இருந்ததாம்.

"நாளைக்குச் சாயங்காலம் விழா சகலை. இன்னும் ஒரே ஒரு காலை. இருநூத்தறுபதுதானே இருக்கு, இவ்ளோ கம்மி தூரத்துக்கு யாராச்சும் வண்டி எடுப்பாங்களா?"

அன்று இரவு மச்சினி தூங்கவில்லை. தூங்கக்கூடாது என்று உட்கார்ந்திருந்தவள் சுவரில் சாய்ந்து கண் அயர்ந்துவிட்டாள். எழுப்பியது சத்தம். தெருவில் டிக்டிக்டிக். அப்புறம் வெளிக்கதவுக் கொண்டி. அது தூக்கிவிட்டால்தான் திறக்கும், காற்றுக்குத் திறக்காது. அப்புறம் உள்ளே, நடைவழியில். வீட்டுக்குள் யாராவது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால் ஈர டயர் தரையில் ஒட்டி ஒட்டி எடுக்குமே... அந்தச் சத்தம். சேற்று வாடை.

சகலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கையில் கருவி. இப்போது அழிக்கிறார், கடைசியில். கட்டைவிரலால் மறுபடி மறுபடி அழுத்துகிறார்.

"அழிய மாட்டேங்குதுடி."

அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் எழுத்து: 'பயணம் நடந்துகொண்டிருக்கிறது. முடித்த பிறகே அழிக்க முடியும். முடிக்கவா?'

"யாரோட பயணம்னு போடலயே..." என்றார். அவளைப் பார்த்தார். "முடிக்கவா?"

நடையில் சத்தம் அறைக் கதவுக்கு வந்துவிட்டது. டிக்...... டிக்.

"முடிங்க" என்றாள் அவள். "முடிச்சிடுங்க!"

அழுத்தினார். கருவி மெட்டு வாசித்தது. சகலை, களைத்தவர் படுப்பதுபோல, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

நடையில் யாரும் இல்லை. தரை மட்டும் ஈரம்.

*

"நான் போனப்போ மணி ஆறு" என்றார் பல் டாக்டர். "இதயம்னு எழுதிக் குடுத்தாங்க. நானும் பாத்தேன், இதயந்தான். வேற என்ன எழுதுவாங்க? மச்சினி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'நான் முடிங்கன்னு சொல்லாம இருந்திருந்தா?'ன்னு. முகவரியை மாத்தினது யாருன்னு நான் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

மழைச் சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்க எல்லோரும் குனிய வேண்டியிருந்தது.

"அன்னிக்குப் பதிவு ரெண்டு, சலவைக்கடைலேருந்து வெளிக்கதவு வரைக்கும் ஒண்ணு, அதுக்கப்புறம் ஒண்ணு. அந்தக் கடைசிப் பதிவை மட்டும் திறந்து பாத்தேன். வெளிக்கதவுலேருந்து கட்டில் வரைக்கும். பதினாலு மீட்டர். ஒன்பது நிமிஷம். இத்தனை நாளா இதயத் துடிப்புக் கட்டம் காலியா இருந்ததில்ல? அவரோட மார்புப் பட்டை குளியலறைக் கம்பியில காய்ஞ்சுகிட்டிருந்தது, என் கண்ணால பாத்தேன். ஆனா இதுல... ஒன்பது நிமிஷமும் காலி. கடைசி விநாடில... அவர் முடிச்ச அந்த விநாடில... அறுபத்திரண்டுன்னு இருந்தது. நிதானமா. நல்ல ஆரோக்கியமான துடிப்பு."

தண்ணீர் எங்கேயோ சொட்டியது. பஞ்சர் என் கையைப் பிடித்திருந்தான். அதை அவனும் கவனிக்கவில்லை, நானும் விடுவிக்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பதினாலு மீட்டரா?"

"பதினாலு."

தலைவர் யோசித்தார். பிறகு, நூறு மீட்டருக்குக் குறைந்த பயணம் பட்டியலில் ஏறாது என்றார்.